பகெரியாவின் பழைய வில்லாக்களும் என் அண்ணனின் விலாசமும்

இங்கிலாந்தில் பழைய பிரபுக்களின் மாளிகைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் பார்க்கப் போவது எனக்கு எப்படியோ தொற்றிக்கொண்ட பழக்கம். லண்டனில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் கோடைக்காலம் வந்தால் மாதம் ஒருமுறை கோச் பிடித்துப் போவார்கள். கென்ட், சசெக்ஸ், ஒருமுறை டெர்பிஷயர் வரைக்கும் போயிருக்கிறேன். கயிறு கட்டி மறித்த நாற்காலிகள், பெயர்ப்பலகை குத்திய ரோஜாச் செடிகள், கடைசியில் பழைய குதிரை லாயத்தில் தேநீரும் கேக்கும். மற்றவன் வீட்டுத் தூசியைப் பார்க்கக் காசு கொடுக்கிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான் என்பார் என் கணவர்.

அதனால் 1996 ஒக்டோபர் கடைசியில் நான் பலெர்மோவுக்குப் போகிறேன் என்றதும் வேலைத்தலத்தில் எல்லோரும் அங்குள்ள வில்லாக்களைப் பார்க்கத்தான் போகிறேன் என்று நினைத்தார்கள். பலெர்மோவுக்குக் கிழக்கே பகெரியா என்ற ஊரில், சிசிலியப் பிரபுக்கள் கோடை வெயிலுக்கு ஒதுங்குவதற்காகக் கட்டிய பழைய வில்லாக்கள் நிறைய உண்டு. பார்க்கவும் செய்தேன். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு. ஆனால் நான் போனது என் அண்ணனிடம். அவருடைய வாயால் ஒரு சம்மதம் வாங்கி வரும்படி குடும்பத்தார் எல்லோருமாகச் சேர்ந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

அண்ணன் மரியதாஸ் மன்னாரில் இருந்து 1989இல் இத்தாலிக்குப் போனவர். அண்ணி ஜெசிந்தாவைப் பிறகு கூப்பிடுவது என்று ஏற்பாடு. அடுத்த வருஷம் சண்டை மூண்டது. அண்ணி மற்றச் சனங்களோடு படகில் இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டார். போய்ச் சேரவில்லை. மண்டபம் முகாமில் விசாரித்தோம், திருச்சியில் விசாரித்தோம், ஒரு தகவலும் இல்லை. ஆறு வருஷம் கழிந்துவிட்டது. பாரிசில் ஓர் ஆசிரியை இருந்தார், கணவரை ஷெல்லடியில் இழந்தவர், அமைதியான பெண். அவருடைய வீட்டார் அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அண்ணிக்கு ஆத்தும இளைப்பாற்றிப் பூசை ஒன்றை வைத்துவிட்டு, கோயில் பேப்பர்களையும் சரிசெய்தால் மறுமணம் செய்து வைக்கலாம் என்பது குடும்பத்தின் எண்ணம். என்னுடைய எண்ணமும் அதுதான். நாற்பத்தொரு வயதில் ஒரு மனிதன் எத்தனை காலம் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவான்?

பயண விபரம். லண்டனிலிருந்து ரோம், ரோமிலிருந்து பலெர்மோ. விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். டாக்சிக்காரர்கள் சொல்லும் விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். வாசலிலேயே பஸ் நிற்கும். ஆறாயிரத்து ஐந்நூறு லீரா, முக்கால் மணித்தியாலம், பொலிதேயாமா சதுக்கத்தில் இறங்கலாம். நான் இறங்கியபோது பின்னேரம் ஐந்து மணி. ஆபிரிக்காவிலிருந்து வீசும் ஷிரோக்கோ காற்று அன்று காலையில்தான் தொடங்கியிருந்தது. வானம் மஞ்சளும் சாம்பலுமாக இருந்தது. பல்லுக்குள் மண் கடிபட்டது. கடை விளக்குகளுக்குக் கீழே அண்ணன் ஒரு நரைத்த தலையோடு நின்றார். நான் அவரைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

தங்கியது பழைய நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், ரீற்றா அக்கா வீட்டில். எங்கள் ஊர்க்காரி, ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு வீட்டு எஜமானியின், வீட்டில் சமையல் வேலை செய்பவர். நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது, கீழே பலாரோ சந்தை. அண்ணன் அங்கே தங்குவதில்லை. பகெரியாவுக்கு அப்பால் ஒரு பழைய வில்லாவில் காவல்காரனாக இருக்கிறார், அங்கேயே வாசலடி அறையில் படுக்கை. அன்று இரவும் கடைசி ரயிலுக்கு நேரமாகிறது என்று சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழும்பிப் போனார். ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்று கேட்டேன். ஏலாது என்றார். காரணம் சொல்லவில்லை.

ரீற்றா அக்காதான் மிச்சத்தைச் சொன்னார். பொலிதேயாமா பக்கத்தில் ஒரு ஹோட்டலில் நல்ல வேலை, இரட்டிப்புச் சம்பளம், இரண்டு முறை தேடி வந்தது, போகவில்லை. அந்த வில்லாவுக்குச் சொந்தக்காரியான கிழவிக்குப் பிறகு மருமக்கள் அதை விற்கப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும்; அசையவில்லை. "அந்தப் பாழ்வீட்டிலை என்ன கிடக்குதெண்டு எங்களுக்கு விளங்கேல்லை, பிலோ. நீர்தான் ஒருக்காக் கதைச்சுப் பாரும்" என்றார்.

முதல் நாள் சகல பரிசுத்தவான்கள் திருநாள், அடுத்த நாள் நவம்பர் இரண்டு, மரித்தோர் திருநாள். பலெர்மோவில் அது பிள்ளைகளின் பெருநாளும்கூட. செத்துப்போனவர்கள் இரவில் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவதாக நம்பிக்கை. சந்தை முழுக்கச் சீனியில் வார்த்த பொம்மைகள், பாதாம் மாவில் செய்த பழங்கள். ரீற்றா அக்காவின் ஏழு வயது மகள் காலையிலேயே என்னை உலுக்கி எழுப்பி, "மாமி, ஐ மோர்த்தி எனக்கு பிச்சிக்ளெத்தா கொண்டந்தவை" என்றாள். செத்தவர்கள் சைக்கிள் கொண்டு வந்தார்களாம். நான் பயணத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் அந்தக் காலைப் பூசைக்கு வந்திருந்தார். பூசை முடிந்து ரீற்றா அக்கா வீட்டில் அவரவர் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றினோம். அண்ணன் அப்பாவுக்கு ஒன்று ஏற்றினார், அம்மாவுக்கு ஒன்று. பிறகு தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டியில் மெழுகுதிரிகள் இன்னும் கிடந்தன. ரீற்றா அக்கா என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

இனி வில்லாக்கள். பலெர்மோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து பகெரியா ஏறக்குறையப் பதினைந்து கிலோமீட்டர், உள்ளூர் ரயிலில் கால் மணித்தியாலம். டிக்கெட் இரண்டாயிரத்துச் சொச்சம் லீரா. ஏறுமுன் மேடையில் இருக்கும் பெட்டியில் டிக்கெட்டைச் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். ரயிலின் இடதுபக்கம் கடல். அன்று கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன, எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. ரயில் நிறைய மயானத்துக்குப் போகிறவர்கள், மடியில் செவ்வந்திப் பூக்கட்டு. அண்ணன் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். நான் பாரிஸ் ஆசிரியையின் பேச்சை எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பகெரியாவில் எல்லோரும் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. பூதங்களின் வில்லா எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். ஐயாயிரம் லீரா நுழைவு. சுற்றுமதில் மேல் வரிசையாகக் கற்சிலைகள்: கூனர்கள், வாத்தியம் வாசிக்கும் குள்ளர்கள், மனிதத் தலையும் மிருகக் காலுமாக என்னென்னவோ. அவற்றின் மூக்கும் விரலும் காற்றில் கரைந்து போயிருந்தன. மேலே ஒரு மண்டபம், கூரை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். ரசம் போய் மங்கிவிட்டதால் அண்ணாந்து பார்த்தால் நம்முடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு அசைகிறது. இங்கிலாந்தில் என்றால் அதை மினுக்கி வைத்து, பக்கத்தில் விளக்க அட்டை வைத்திருப்பார்கள். இங்கே ஒன்றும் இல்லை. காவலுக்கு இருந்தவர் தன் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

சுற்றிவர இருந்த மற்ற வில்லாக்களை மதிலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் இரும்புக் கேற், கேற்றுக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு. எலுமிச்சைத் தோட்டம் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடிகள் எழும்பியிருந்தன. ஒரு வில்லாவின் வளைவுப் படிக்கட்டுக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் யாரோ உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். அப்போது மழை தொடங்கியது. சகாராவின் மண்ணைக் கரைத்துக்கொண்டு பெய்யும் மழை. என் வெளிர்நிறக் கோட்டில் விழுந்த துளியெல்லாம் செங்கல் நிறத்தில் காய்ந்தது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை, அதுவும் சலவைக்காரியின் கோட்டில்.

அண்ணனின் வில்லா அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், சாந்தா ஃப்ளாவியா போகும் பாதையில். பெயர் வேண்டாம், இப்போது பார்க்கவும் முடியாது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. மஞ்சள் கல், இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் படி, நடுவில் தண்ணீரில்லாத நீரூற்று, கைகளை இழந்த நான்கு பெண் சிலைகள். தோட்டத்தில் பாதி முள். மீதிப் பாதியில் எலுமிச்சையும் மாதுளையும், ஒழுங்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டிருந்தது. அது அண்ணனின் கை என்று கேட்காமலே தெரிந்தது. ஆனால் என்னை நிற்க வைத்தது வாசல். ஊரிலுள்ள எல்லாக் கேற்றும் பூட்டிக்கிடக்க, இந்தக் கேற்றின் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தன, காவல்காரன் இல்லாத நேரத்திலும்.

"கேற்றைத் திறந்துபோட்டிட்டே வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"பூட்டினால் வாற ஆக்கள் திரும்பிப் போயிடுவினம்" என்றார்.

யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தைப் பார்த்தால் வருஷக்கணக்காக ஒருவரும் வராதது மாதிரித்தான் இருந்தது.

முதலில் வில்லாவின் சிஞ்ஞோராவுக்கு முகம் காட்ட வேண்டும் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேல்மாடி முழுக்க ஒழுக்கு. அதனால் கிழவியின் கட்டில் கீழே சாப்பாட்டு மண்டபத்தில் கிடந்தது. சுவரில் வேட்டைக் காட்சிகள், ஈரத்தில் வீங்கி, நாய்களின் முகம் உரிந்து தொங்கியது. எண்பத்தைந்து வயதிருக்கும். போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். என்னுடைய சேலையைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார். பிறகு இரண்டு முழங்கையையும் ஊன்றி எழும்பி உட்கார முயன்றார்.

"எ லெய்?" என்றார் அண்ணனிடம். "ஜாச்சிந்தா?"

"நோ, சிஞ்ஞோரா. மியா சொரெல்லா" என்றார் அண்ணன், என் தங்கை என்று.

கிழவி அப்படியே தலையணையில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்பது மாதிரி ஏதோ சொன்னார். இங்கிலாந்தில் இப்படி வீடுகள் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆட்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள் என்று அண்ணன் மூலம் சொன்னேன். எதைப் பார்க்க என்று கேட்டார்.

வெளியே படிக்கட்டில், மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்தபோது, கிழவி கேட்டது என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். இத்தாலியனில் ஜெசிந்தாவை ஜாச்சிந்தா என்றுதான் சொல்வார்களாம். "நீதான் அவளோ எண்டு கேட்டவ" என்றார்.

அதன் பிறகுதான் சொன்னார். 1990இல் இந்த வில்லாவில் வேலை கிடைத்த வாரம், ஊரில் பங்குமனைக்குப் போன் எடுத்து, சாமியாரைக் கொண்டு அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணியிடம் எழுத ஒன்றும் இல்லை. அதனால் இந்த விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பாடமாக்க வைத்திருக்கிறார். திரும்பச் சொல்லச் சொன்னபோது அண்ணி ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அதுதான் கடைசிப் பேச்சு. சில கிழமைகளில் ஊரில் போன் செத்தது. படகோட்டி கடற்படைக்குப் பயந்து, சனத்தைத் தீடையில், கடல் நடுவிலுள்ள மணல் திட்டில், இறக்கிவிட்டுப் போனான். முதல் நடையில் ஏறி இந்தியாவுக்குப் போனவர்கள், அடுத்த நடைக்கு ஜெசிந்தா பையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்ததைக் கண்டதாகப் பிறகு அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நடைக்கு வந்த படகு யாருடையது, எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

"அவளுக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்டுதான், பிலோ" என்றார். "லண்டன் தெரியாது. ரீற்றா வீடு தெரியாது. எங்கையாவது மறியல்லை அடைபட்டுக் கிடந்தாலும், எங்கையாவது மறந்துபோய்க் கிடந்தாலும், நினைப்பு வந்தால் இஞ்சைதான் வருவாள்."

இவ்வளவு காலமும் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லையே. கலியாணம் கட்டச் சொல்லித்தானே எல்லாரும் கேட்டனீங்கள்."

நான் வந்த வேலையை அங்கே விட்டிருக்கலாம். ஆனால் லண்டனில் ஏழெட்டுப் பேர் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதைவிட, மழையில் நனைந்த அந்தத் தோட்டத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இவர் இங்கேயே கிழவனாகிச் செத்தால் யார் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள்? அதனால் பாரிஸ் ஆசிரியையைப் பற்றிச் சொன்னேன். அவருடைய குணம், தனிமை, எல்லாம் சொன்னேன். ஆறு வருஷம் போய்விட்டது, அண்ணிக்கு ஒரு பூசையாவது வைக்க வேண்டாமா என்றும் கேட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. ஈரமான படியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவள் செத்ததைக் கண்ட ஆள் ஒருத்தரும் இல்லை" என்றார் கடைசியில். "நான் பூசை வைச்சால், நானாத்தான் அவளைச் சாகக் குடுத்தமாதிரி. அந்தப் பிள்ளைக்கு வேறை நல்ல இடம் பாக்கச் சொல்லு."

இருட்டுமுன் என்னை நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். ரயில் வரும்வரை நிற்கவில்லை. வில்லாவில் ஆளில்லை என்றார். இரண்டு நாள் கழித்து லண்டனுக்குத் திரும்பி, அண்ணன் சம்மதிக்கவில்லை என்று மட்டும் வீட்டில் சொன்னேன். நீ சரியாகக் கதைத்திருக்க மாட்டாய் என்றார்கள். பாரிஸ் ஆசிரியைக்கு அடுத்த வருஷம் கனடாவில் ஒரு கலியாணம் சரிவந்தது.

அந்தக் கிழவி 1997 உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே இறந்துவிட்டார். மருமக்கள் மிலானோவிலிருந்து வந்து அடக்கம் செய்துவிட்டு வில்லாவை விற்றார்கள். வாங்கியவர்கள் புதுக் கேற் போட்டுப் பூட்டினார்கள், எலுமிச்சைகளைத் தறித்தார்கள். அண்ணனுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஹோட்டல் வேலை இன்னும் இருக்கிறது, போர்கோ வெக்கியோவில் ஓர் அறையும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று ரீற்றா அக்கா சொல்லி அனுப்பினார். நான் லண்டனிலிருந்து போனில் அழுதேன். இனி அந்த விலாசமே இல்லையே, இனியாவது வாருங்கள் அண்ணா என்றேன்.

"அந்த வில்லாவுக்கு வாற ஆள் பகெரியா ஸ்டேஷனிலைதானே இறங்க வேணும்" என்றார்.

நிலையத்துக்கு எதிரே உள்ள பாரில் (அங்கே கோப்பிக் கடையைப் பார் என்பார்கள்) கோப்பை கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பின்னால் ஒரு ஜன்னலில்லாத அறையில் குடியிருந்தார்.

1998 டிசம்பரில் மறுபடி போனேன். ரீற்றா அக்காவும் கூட வந்தார். அண்ணனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று நினைத்தோம். பாருக்குள் நுழையும்போது நான் ரீற்றா அக்காவிடம், குளிருது அக்கா, முதல்லை ஏதாவது சூடாய்க் குடிப்பம் என்று தமிழில் சொன்னேன். உள்ளே சமையலறைப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. அண்ணன் ஓடி வந்தார். கையெல்லாம் சவர்க்கார நுரை, முழங்கை வழியே தண்ணீர் ஒழுகியது. கடை மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னைப் பார்த்தார். தங்கையைக் கண்ட ஒரு மனிதனின் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம் வரக்கூடாது. ஒரு கணம்தான். பிறகு சிரித்தார், வா பிள்ளை என்றார், நான் எப்போது வந்தேன் என்று கேட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரலிலோ மே மாதத்திலோ போங்கள், எலுமிச்சை மணக்கும், வெளிச்சமும் இருக்கும். நவம்பரில் போகாதீர்கள். மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு வரை எல்லாம் பூட்டியிருக்கும், சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். பூதங்களின் வில்லாவுக்கு ஒரு மணித்தியாலம் போதும். மற்றவற்றை உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், மதிலைச் சுற்றி நடக்கத் தடித்த அடிச் சப்பாத்து அவசியம். இங்கிலாந்து மாளிகைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வில்லாக்கள் ஏமாற்றமாக இருக்கலாம். என்னைக் கேட்டால், அங்கே நான் பார்த்தது ஒழுங்காக அடக்கம் செய்யப்பட்ட வீடுகள். இங்கே அந்தச் சடங்கு நடக்கவில்லை.

நிலையத்துக்கு எதிரே உள்ள பாரில் கோப்பி நன்றாக இருக்கும். இதை எழுதும்போதும் அண்ணன் அங்கேதான் வேலை செய்கிறார். தமிழ்ப் பெண்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு சின்ன உதவி செய்யுங்கள். வாசலில் வரும்போது தமிழில் கதைத்துக்கொண்டு வராதீர்கள். உள்ளே போய், அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி நில்லுங்கள். பார்த்த பிறகு பேசுங்கள்.